சிவப்பு மருந்து போய் வெள்ளை மருந்து வந்தது ஏன்?

காசிமேட்டில் மீன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த அக்கா ஒருவர், மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவருகிறார். போன வாரம் கேட்டார்: "சார், நாலு தபா செவப்பு மருந்து ஏத்துனாங்க. இப்போ தண்ணி மாரி வேற ஒண்ணு. மொதல்ல போட்டது வேலைக்கு ஆவலயா?" கூடவே இன்னொன்றும் சொன்னார். காலில் செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லையாம். செய்வினை என்று யாரோ சொல்லி, எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாயிற்று.

முதல் மருந்து தோற்கவில்லை, திட்டமே அதுதான். சிவப்பு மருந்து டாக்ஸோரூபிசின். உடன் சைக்ளோபாஸ்பமைடும் ஏறியிருக்கும். இரண்டும் டிஎன்ஏவைக் கெடுப்பவை. வேகமாகப் பெருகும் செல் மாட்டிக்கொள்ளும். முடி வேரும் எலும்பு மஜ்ஜையும் சேர்ந்தே மாட்டும். மஜ்ஜையில் உருவாகும் ரத்த அணுக்கள் தேறத்தான் இடையில் இரண்டு, மூன்று வாரம் விடுகிறார்கள். அப்படியும் தப்பிய செல்லை வேறு வழியில் மடக்க வருவதுதான் அந்தத் தண்ணி மாதிரி மருந்து, பாக்ளிடாக்ஸல்.

செல் இரண்டாகும்போது குரோமோசோம்களை, அதாவது டிஎன்ஏ மூட்டைகளை, பங்கு பிரிப்பவை நுண்குழாய்கள். டியூபுலின் என்ற புரதத் துண்டுகளைக் கோத்த குழாய்கள் இவை. வடம் பிடித்து இழுக்கிற கதையல்ல. குழாயின் நுனி துண்டு துண்டாகக் கழன்று குட்டையாகும். நுனியைப் பற்றிய குரோமோசோமும் கூடவே நகரும். கோக்கவும் வேண்டும், கழற்றவும் வேண்டும். நம் தெருவோர நித்தியகல்யாணியிலிருந்து வந்த மருந்துகள் கோக்க விடாது. பாக்ளிடாக்ஸல் நேரெதிர்: கோக்க விடும், கழற்ற விடாது! கட்டடம் முடிந்தும் பிரிக்காத சாரம் மாதிரி குழாய்கள் விறைத்து நிற்க, பங்கு குழம்பி செல் சாகும்.

பாக்ளிடாக்ஸல் வந்தது பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையிலிருந்து. அமெரிக்காவில் அந்தப் பட்டையைச் சேகரித்தது 1962இல். கழற்ற விடாத இந்தச் சூட்சுமத்தை விஞ்ஞானி சூசன் ஹார்விட்ஸின் குழு சொன்னது 1979இல். பதினேழு வருடம்! நம் ஊராக இருந்தால் மூன்றாம் வருடமே 'என்ன பிரயோஜனம்' என்று கோப்பை மூடியிருப்பார்கள்.

செருப்புக்கு வருவோம். நரம்பு செல்லுக்கு இதே குழாய்கள்தான் தண்டவாளம். சரக்கு அதன்மேல்தான் போகும். முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை ஒரே நரம்பிழை, கிட்டத்தட்ட ஒரு மீட்டர். தண்டவாளம் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பது கடைசி ஸ்டேஷன்தான். அதனால்தான் விரல்நுனி முதலில் மரக்கிறது.

கைவிரலிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறதாம், டாக்டரிடம் சொல்லவில்லையாம். அடுத்த ட்ரிப்ஸுக்கு முன் சொல்லிவிடுங்கள் அக்கா, அளவைக் குறைப்பதா தள்ளிப்போடுவதா என்று அவர்கள் பார்ப்பார்கள். அதுவரை வீட்டுக் குழம்புக்குக்கூட அருவாமனைப் பக்கம் போகாதீர்கள்.