டேட்டா லாகர் – தரவுப் பதிவி

ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகையை வைத்துப் பழகுகிறவர்கள் ‘டேட்டா லாகர்’ என்ற சொல்லைச் சீக்கிரமே சந்திப்பார்கள். கணினியின் துணையில்லாமல் பேட்டரியில் தனியாக ஓடி, சென்சார் தரும் அளவுகளை நேரத்தோடு சேர்த்து எழுதிக்கொண்டே போகும் கருவி அது.

‘லாக்’ என்றால் மரக்கட்டை. அந்தக் கட்டைக்கும் இந்தக் கருவிக்கும் உண்மையிலேயே உறவு உண்டு. அந்தக் கால ஐரோப்பிய மாலுமிகள் கயிற்றில் கட்டிய மரப்பலகையைக் கப்பலின் பின்புறம் கடலில் எறிவார்கள். பலகை நீரில் கிடந்த இடத்திலேயே கிடக்கும். கப்பல் நகர நகரக் கயிறு ஓடும். 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு கையைக் கடக்கிறதோ அதுதான் வேகம். கப்பல் வேகத்தை இன்றும் ‘நாட்’ என்பது, அதாவது முடிச்சு என்பது, இதனால்தான். அந்த அளவை எழுதி வைத்த ஏடு ‘லாக் புக்’. அப்புறம் எதை வரிசையாகக் குறித்தாலும் ‘லாக்’ செய்வது என்றாகிவிட்டது. (கணக்குப் பாடத்து ‘லாக்’ வேறு. அது லாகரிதத்தின் சுருக்கம், கிரேக்க வேர், தமிழில் மடக்கை.)

‘டேட்டா’வுக்கு லத்தீனில் ‘தரப்பட்டவை’ என்று பொருள். நம் ‘தரவு’ம் ‘தா’விலிருந்து வந்ததுதான். கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் அதே பெயர். இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும் கலைச்சொல் அபூர்வம்.

சரி, லாகருக்கு? ‘சேமிப்பான்’ எனக்கு ஒப்பவில்லை. பென்டிரைவும்தான் சேமிக்கிறது. ஈர மண்ணில் கால் பதிவதுபோல, நடக்கும்போதே, நடந்த வரிசையிலேயே பதிவதுதான் லாகரின் வேலை. ஆகவே பதிவி. கணினி, செயலி, உணரி என்ற வரிசையில் இயல்பாக உட்கார்ந்துகொள்கிறது. விக்கிப்பீடியாவின் ‘புகுபதிகை’யிலும் இதே வேர்தான்.

சேமிப்பதற்கும் பதிவதற்கும் உள்ள இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி இல்லை. ஆர்டுயினோ பலகைகளில் ஒன்றான ஊனோவின் ஏடிமெகா328பி சில்லில், மின்சாரம் போனாலும் அழியாத ஈஈப்ராம் என்ற நினைவகம் 1 கேபிதான். விநாடிக்கு 20 பைட் எழுதினால் 51 விநாடியில் நிரம்பிவிடும். ஒரு நாளைக்கோ 17 லட்சம் பைட்டுக்கு மேல் வேண்டும். எனவே எஸ்டி கார்டு. 32 ஜிபி கார்டு இந்த வேகத்தில் ஏறக்குறைய 50 ஆண்டு தாங்கும் அளவு பெரியது. ஆக, இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

பதிவதுதான் பிரச்சினை. கார்டில் 512 பைட் கொண்ட கட்டங்களாகத்தான் எழுத முடியும். ஊனோவின் 2 கேபி ராமில் (மின்சாரம் போனால் அழிந்துவிடும் தற்காலிக நினைவகத்தில்) கால்வாசியை அதற்கே ஒதுக்கி, நிரம்பியதும் கார்டுக்கு அனுப்புகிறது நிரல் நூலகம், அதாவது கார்டில் எழுத உதவும் ஆயத்த நிரல். ஆனால் கோப்பின் நீளத்தை, ‘ஃபிளஷ்’ செய்யும்போதோ (மிச்சத்தை உடனே கார்டில் எழுதச் சொல்லும்போதோ) கோப்பை மூடும்போதோதான் குறிக்கிறது. இடையில் பேட்டரி தீர்ந்தால், நாள் முழுக்க எழுதிய கோப்பும் 0 பைட் என்று காட்டலாம். எழுதியாயிற்று, பதியவில்லை! ஒவ்வொரு வரிக்கும் ஃபிளஷ் செய்தாலோ மின்சாரம் வீணாகும். நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்; போனால் ஒரு நிமிடம்தான் போகும்.

நேரமும் அப்படித்தான். ஊனோவுக்கு மணி தெரியாது. ஒவ்வொரு முறை உயிர்பெறும்போதும் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணத் தொடங்கும். டிஎஸ்3231 போன்ற கடிகாரச் சில்லைக் காசு வடிவ பேட்டரியோடு பக்கத்தில் வைப்பது அதற்காகத்தான்.