சுயாதீனம்: நோயாளியின் வசம் இருப்பது

பாரிசவாதம் வந்து தேறியவரை வாட்டிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, "ஆள் இப்ப இன்டிபென்டன்ட்" என்று வைத்தியர் சொல்வதுண்டு. இனி ஒரு துணையும் தேவையில்லை என்று வீட்டுக்காரர் எடுத்துக்கொள்வார்கள். மருத்துவத்தில் அதன் பொருள் அப்படி அல்ல.

லத்தீனில் 'தொங்குதல்' என்ற வினையிலிருந்து பிறந்த சொல் 'இன்டிபென்டன்ட்'. இன்னொன்றில் தொங்காமல் இருப்பதைக் குறிக்கும். வைத்தியர்கள் இதை அளந்தும் பார்க்கிறார்கள். 1965இல் வெளியான பார்த்தெல் அளவுகோல், சாப்பிடுதல், குளித்தல், உடுத்தல், நடத்தல், படியேறுதல் என்று பத்து விடயங்களுக்கு மொத்தம் 100 புள்ளி வைத்திருக்கிறது. பொல்லு ஊன்றியென்றாலும் தானாக நடந்தால் நடைக்கு முழுப்புள்ளி. ஒருவர் பக்கத்தில் நின்று தாங்கவேண்டியிருந்தால் குறையும். யுத்தத்தில் காலை இழந்து, ஜெய்ப்பூர் காலோடு தன் வேலைகளைத் தானே பார்க்கிற எத்தனையோ பேர் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பிறரில் தங்கியிருப்பவர்கள் என்று எப்படிச் சொல்வது?

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'சுதந்திரம்' என்றால் நாடும் கொடியும்தான் நினைவுக்கு வரும். 'சுயாதீனம்' பொருத்தமானது. வடமொழியில் ஸ்வ என்றால் தன், அதீனம் என்றால் வசம். இதன் இன்னொரு வடிவமான 'சுவாதீனம்' நோய்ப் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது: கை சுவாதீனமில்லை, சித்தசுவாதீனமில்லை என்கிறோமே. இன்னும் தமிழாக வேண்டுமென்றால் 'தன்வயம்'. சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு அது புதிதல்ல. இறைவனின் எண்குணங்களில் முதலாவது தன்வயத்தனாதல். உதவியே தேவைப்படாத நிலையை விட, தன் வசம் இருக்கும் நிலையைச் சொல்வதால் எனக்கு இந்த இரண்டு சொற்களும் பிடிக்கும்.

அப்புறம், மருத்துவ அறத்தில் வரும் 'ஆட்டோனமி'. கிரேக்கத்தில் தான், சட்டம் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தது. சிகிச்சையை ஏற்பதோ மறுப்பதோ நோயாளியின் தீர்மானம் என்பது கருத்து. இதற்கும் சுயாதீனம் பொருந்தும். குளிக்க இன்னொருவர் கை வேண்டியிருக்கிறவருக்கும் அந்த உரிமை குறையாது. எங்கள் பக்கத்தில் நழுவிப்போவது இதுதான். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ டொக்டர்" என்று பிள்ளைகள் கேட்பது அன்பினால்தான், தெரியும். ஆனாலும் சித்தம் தெளிவாக இருக்கிற தாயிடம்தான் ஒப்பரேஷன் செய்வதா என்று கேட்கவேண்டும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கட்டும், கண் தெரியாவிட்டால் சம்மதப் படிவத்தை வாசித்துக் காட்டட்டும்.