மணல் ஏன் மணல் மேலயே போய் சேருது?

ஜெய்சல்மர் டூர் போயிட்டு வந்த வாசகர் ஒருத்தர் கேட்டிருந்தாரு: "மணலை அடிச்சிட்டு வர்றது காத்துதான்னா தரை பூரா சமமால்ல பரவணும், ஏன் அங்கங்க மேடு மேடா குவிஞ்சு, நடுவுல வெறும் கல்லுத்தரையா கிடக்கு?" செம கேள்வி சார்.

காத்து அரிக்கும், அப்புறம் கொண்டு போய் படிய வைக்கும்னு ஸ்கூல்ல படிச்சதுதான். தூசி மேல ஏறி எங்கயோ போயிடும், சஹாரா தூசி அட்லாண்டிக் தாண்டி அமேசான் காடு வரைக்கும் போகுது. கூழாங்கல்லு கனம், நகராது, அதான் மிச்சமா நிக்கிற கல்லுத்தரை. நம்ம கதை ரெண்டுக்கும் நடுவுல இருக்குற மணலைப் பத்தி.

மணல் பறக்கறதில்ல, துள்ளுது. தரைய ஒட்டி காத்து மெதுவாதான் இருக்கும், கொஞ்சம் மேல போனா வேகம் ஜாஸ்தி. எகிறுன துகள் அந்த வேகத்தை வாங்கிட்டு சாய்வா வந்து மோதும், மோதுன இடத்துல வேற துகள்களை தெறிக்க விடும், அதுங்களும் துள்ளும், இப்படியே போகும். அதனால ஒருதடவ ஆரம்பிச்சிட்டா காத்து கொஞ்சம் தணிஞ்சாலும் இந்த ஆட்டம் நிக்காது, ஏன்னா இப்ப மணலை கிளப்பி விடுறது பெரும்பாலும் மணலேதான். இதெல்லாம் முக்காவாசி தரையோட தரையா நடக்குற விஷயம், அதான் எகிப்து வெள்ளைப் பாலைவனத்துல பாறைங்க அடியில தேஞ்சு காளான் கணக்கா நிக்குது.

இப்பதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். துள்ளி வர்ற துகள் கல்லுத்தரையில மோதுனா சிமெண்ட் தரையில போட்ட ரப்பர் பந்து போல நல்லா எகிறி அடுத்த தாவலுக்கு போயிடும், ஆனா அதே துகள் மணல் மேல விழுந்தா அதோட சக்தியில பெரும்பங்கு மத்த துகள்களை இடிச்சு தள்றதுலயே செலவாயிடும், அவ்வளவு உயரம் எகிறாது. அதுமட்டுமில்ல, அங்க கிளம்புற அத்தனை துகளையும் இழுத்துட்டு போகணும்னு காத்தும் சோர்ந்து போயிடும். அப்ப என்னாகும், கல்லுத்தரை தாண்டி வந்த மணல்ல ஒரு பங்கு அங்கயே தங்கிடும். ஏற்கனவே மணல் இருக்குற இடத்துக்குத்தான் இன்னும் மணல் சேரும்!

இதை கண்டுபிடிச்சது ரால்ஃப் பேக்னோல்டுன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர். 1920கள்ல லீவு கிடைச்சா ஃபோர்டு காரை எடுத்துட்டு லிபியப் பாலைவனத்துல சுத்துனவரு, 1935ல ரிட்டயர் ஆகி லண்டன்ல காத்துச் சுரங்கம் ஒண்ணு கட்டி அதுக்குள்ள மணலை ஓடவிட்டு பாத்தாரு. எதுக்குய்யா இந்த வேலைன்னு அன்னைக்கு யாரும் கேட்டிருக்கலாம். பின்னாடி நாசா செவ்வாய் கிரக மணலை புரிஞ்சுக்க அதே கணக்கைத்தான் எடுத்துச்சு, க்யூரியாசிட்டி ரோவர் போய் பாத்த மணல்மேடுகளுக்கு அவர் பேருதான். உடனடி பயன் என்னன்னு கேட்டே ஆராய்ச்சிக்கு காசு குடுக்கறவங்கள கண்டா எனக்கு எரிச்சலா வரும், சரி அத விடுங்க.

குவியல் வளந்ததும் காத்து வர்ற பக்கம் மணல் மெதுவா ஏறும், உச்சி தாண்டுனதும் காத்தோட பிடி விட்டுடும், அந்தப்பக்கம் பொத்துனு விழும். சரிவு 34 டிகிரி கிட்ட வந்தா தாங்காம சரியும். இப்படி பின்னாடி அள்ளி முன்னாடி கொட்டி முழு மேடும் நகரும். சின்ன மேட்டுல அள்ள வேண்டியது கம்மி, அதனால அது வேகமா போகும். அதே காரணத்தால ஒரு மேட்டோட தாழ்ந்த ரெண்டு ஓரமும் நடுப்பகுதிய முந்திட்டு போயி, காத்து போற திசைய பாத்து கொம்பு நீட்டும், பிறை வடிவம் வந்துடும்.

நம்ம தார் பாலைவனத்துல நெறைய இடத்துல இது தலைகீழ். அங்க செடி கொடி இருக்கறதால தாழ்ந்த ஓரங்களை வேர் பிடிச்சு வச்சுக்கும், நடுப்பகுதி மட்டும் முன்னாடி போகும், அதனால கொம்பு பின்னாடி, காத்து வர்ற தென்மேற்கு பக்கமா நீண்டிருக்கும். கூகுள் மேப்ஸ் சாட்டிலைட் வியூல ராஜஸ்தானை ஜூம் பண்ணி பாருங்க, கொம்பு எந்தப் பக்கம்னு பாத்தாலே அந்த மேட்டை செடி பிடிச்சு வச்சிருக்கா இல்லையான்னு வீட்ல இருந்தே சொல்லிடலாம்.