பூந்தொட்டி வேறு, மீன் தொட்டி வேறு

இந்த மாதத்தில் இது மூன்றாவது வீடு. காலை ஏழு மணிக்குப் போன். "தம்பி, மீனெல்லாம் மேல வந்து வாயை வாயைத் திறக்குது, கொஞ்சம் வந்து பாருங்களேன்."

மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. போய்ப் பார்த்தால் செடி வைத்த இரண்டடி மீன் தொட்டி, தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில். கையை விட்டுக் கிளறினேன். அடியில் மூன்று அங்குலத்துக்கு மண்புழு உரம், மேலே பேருக்கு ஒரு பிடி நீலக் கல். போன் செய்த சாருக்கு மொட்டை மாடியில் அருமையான தோட்டம் உண்டு. அங்கே மீந்த மூட்டையை இங்கே கவிழ்த்துவிட்டு, அன்று மாலையே பன்னிரண்டு மீன் வாங்கி விட்டிருக்கிறார். நான் போனபோது நாலு மிச்சம். "செடின்னா எரு வேணும்ல தம்பி?" என்கிறார் பாவமாக.

இரண்டையும் தொட்டி என்றே சொல்லிப் பழகியதால் வந்த வினையோ என்னவோ. பூந்தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கிறது சார். உரம் கூடிப்போனால் ஊற்றுகிற தண்ணீரோடு வழிந்து போய்விடும். மண்ணுக்குள் காற்றும் போகும். மீன் தொட்டிக்கு ஓட்டை ஏது? உரத்திலிருந்து கரைவது அத்தனையும் மீன் மூச்சு விடுகிற அதே தண்ணீரில்தான் நிற்கும். அதில் முதல் ஆள் அம்மோனியா. தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஹெச் அளவு 7இலிருந்து 8க்கு ஏறினால், அதே அளவு அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு ஏறக்குறையப் பத்து மடங்காகிறது. சாரின் போர் தண்ணீர் 7.8 காட்டியது. அந்தச் செவுள்கள் என்ன பாடுபட்டிருக்கும்! அடியில் காற்றே போகாமல் உரம் அழுகுவது அடுத்த கட்டம். கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். மாட்டு எரு, கடலைப் பிண்ணாக்கு எல்லாவற்றுக்கும் இதே கதைதான். ஒரு வீட்டில் யூரியாவே போட்டிருந்தார்கள். அதைப் பற்றி இன்று பேச வேண்டாம், ரத்தக் கொதிப்பு ஏறும்.

"மண் போட்டு வளர்க்கிறவங்க இருக்காங்களே?" என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறார்கள். அவர்கள் போடுவது எரு கலக்காத வெறும் தோட்டத்து மண், அதுவும் ஒரு அங்குலம், அதன் மேல் ஒன்றரை அங்குலம் சல்லி மூடாக்கு. கைப்பழக்கம் வேண்டிய வேலை. முதல் தொட்டியில் தயவுசெய்து வேண்டாம்.

சரி, என்னதான் வாங்குவது? மண்ணைக் கேட்பதற்கு முன் என்ன செடி என்று முடிவு செய்யுங்கள். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் இரண்டுக்கும் மண்ணே தேவையில்லை. கட்டையிலோ கல்லிலோ நூலால் கட்டிவிட்டால் போதும். கிழங்குபோல் இருக்கும் அதன் தண்டை மண்ணில் புதைத்தால்தான் அழுகும். தண்டுச் செடிகள் பலவும் தண்ணீரிலிருந்தே சத்தை எடுத்துக்கொள்ளும். வாலிஸ்னேரியாவுக்கு நம்மூர் உப்புத் தண்ணீர் ஒரு பொருட்டே இல்லை. வேரால் நிறையச் சாப்பிடுகிறவை கிரிப்டோகோரைனும் அமேசான் சுவார்டும். அவற்றுக்குக்கூட 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆற்றுச் சல்லியும், வேரடியில் சொருகுகிற உர மாத்திரையும் போதும். செலவு சில நூறு ரூபாய்தான்.

செடி வைக்கும் மீன் தொட்டிக்கென்றே சின்னச் சின்ன உருண்டையாகச் செய்து விற்கிற மண், அக்வா சாயில். நல்ல பொருள்தான், நானே போடுகிறேன். ஆனால் புது மூட்டை முதல் சில வாரங்களுக்கு அம்மோனியா விடும். விலை அதிகம், அதனால் அன்றைக்கே மீன் விடலாம் என்று நினைத்தால் மேடவாக்கம் கதைதான். மூன்று, நாலு வாரம் ஃபில்டரை ஓட்டி, அடிக்கடி தண்ணீர் மாற்றி, டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவும், அதிலிருந்து உண்டாகிற நைட்ரைட் என்ற நஞ்சும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் மீன். இன்னொன்று, தண்ணீரின் கடினத்தை இழுத்துக்கொண்டு பிஹெச்சை இறக்குவது அதன் வேலை. கடினமான போர் தண்ணீரையே மாற்றி மாற்றி ஊற்றினால் அந்தச் சக்தி சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆர்ஓ தண்ணீர் கலக்க வசதியில்லை என்றால் அந்தக் காசை நல்ல விளக்குக்குப் போடுங்கள். அப்புறம், அக்வா சாயிலைக் கழுவாதீர்கள், உருண்டை உடைந்து சேறாகிவிடும். சல்லியைத்தான் கழுவ வேண்டும், வடிகிற தண்ணீர் தெளியும் வரை.

சல்லி வாங்கும்போது ஒரு பிடியை வீட்டுக்குக் கொண்டுவந்து காயவைத்து வினிகரை ஊற்றிப் பாருங்கள். சின்னக் குமிழி வந்தாலும் அதில் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரை இன்னும் கடினமாக்கும். வெள்ளை மார்பிள் சிப்ஸ், கிளிஞ்சல் கலந்த கடற்கரை மணல் இரண்டும் இந்தச் சோதனையில் தோற்கும். எம் சாண்ட் உடைத்த கல், முனை கூராக இருக்கும். கோரி மாதிரி அடியில் மேய்கிற மீனுக்கு மீசை தேய்ந்துபோகும். சாயக் கல்லைப் பற்றி என்ன சொல்ல? வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், அதுவே சொல்லும்.

அளவு கடைக்காரர் கையில் இல்லை, உங்கள் டேப்பில் இருக்கிறது. நீளம், அகலம், மண்ணின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1000ஆல் வகுத்தால் லிட்டர். 60க்கு 30 தொட்டியில் 6 சென்டிமீட்டர் உயரம் என்றால் 10.8 லிட்டர். சல்லியானால் சுமார் 17 கிலோ. முன்னால் தாழ்வாக, பின்னால் உயர்வாகச் சரித்துவிடுங்கள்.

மேடவாக்கத்தில் மிச்சமிருந்த நாலு மீனையும் பிளாஸ்டிக் டப்பில் காற்றுக்குழாயோடு விட்டு, தினமும் பாதித் தண்ணீர் மாற்றச் சொன்னேன். உரத்தை வாளி வாளியாக மாடிக்கு ஏற்றினோம். தொட்டியைக் கழுவிச் சல்லி போட்டு, செடி நட்டு, "நாலு வாரம் சார், அதுவரைக்கும் புது மீன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மூன்றாம் நாள் போன். "தம்பி, கப்பி ரொம்பச் சின்ன மீன்தானே? ரெண்டே ரெண்டு விட்டுப் பார்க்கட்டுமா?"