சிறிய மடிக்கணினியும் மூன்றுசுழி ணகரமும்: திரையின் தெளிவுத்திறனைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மடிக்கணினி வாங்க வருகிறவர்கள் ரேம் எத்தனை ஜி.பி., எஸ்.எஸ்.டி. எவ்வளவு, செயலி எந்தத் தலைமுறை என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்டுவிட்டு, திரையைப் பற்றிப் பேச்சு வரும்போது 'எத்தனை இஞ்ச்' என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொள்வதைத் தஞ்சாவூர், கும்பகோணம் கடைவீதிகளில் சாதாரணமாகக் காணலாம். ரேமையும் எஸ்.எஸ்.டி.யையும் பல மாடல்களில் பிற்பாடு கூட்டிக்கொள்ள வழியுண்டு. திரை மட்டும் வாங்கிய அன்று இருந்தபடியேதான் பெரும்பாலும் கடைசிவரை இருக்கும். மன்னார்குடியிலிருந்தும் பாபநாசத்திலிருந்தும் நாள்தோறும் பேருந்திலோ ரயிலிலோ கல்லூரிக்குப் போய்வரும் மாணவருக்கும், ஊர் ஊராக இருசக்கர வண்டியில் சுற்றிப் பயிர்க் காப்பீட்டு விண்ணப்பங்களைப் பதிவு செய்கிறவருக்கும் 15.6 அங்குலக் கணினி தோளுக்குச் சுமை. அவர்கள் தேடுவது 11.6 முதல் 14 அங்குலம் வரையிலான சிறிய கணினியைத்தான். ஆனால் திரை சிறுக்கச் சிறுக்க, அதில் எத்தனை புள்ளிகள் இருக்க வேண்டும் என்ற கேள்வி சிக்கலாகிறது. புள்ளி குறைந்தால் எழுத்து சிதைகிறது, கூடினால் எழுத்து சுருங்குகிறது; இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதை மனிதக் கண்ணின் இயல்பும் தமிழ் எழுத்தின் வடிவமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

தெளிவுத்திறன் என்று விளம்பரங்களில் போடப்படும் 1366 × 768, 1920 × 1080 போன்ற எண்கள், திரையின் அகலவாக்கில் எத்தனை பிக்சல்கள் (திரைப் புள்ளிகள்), உயரவாக்கில் எத்தனை பிக்சல்கள் என்பதை மட்டும் சொல்கின்றன. இரண்டையும் பெருக்கினால் முதலாவது திரையில் ஏறத்தாழ 10.5 லட்சம் பிக்சல்களும் இரண்டாவதில் 20.7 லட்சம் பிக்சல்களும் இருப்பது தெரியும். ஒரு வயலில் மொத்தம் எத்தனை குத்து நட்டிருக்கிறது என்று மட்டும் சொன்னால் அது நெருக்க நடவா, 25 சென்டிமீட்டர் இடைவெளி விட்ட திருந்திய நெல் சாகுபடியா என்று யாராலும் சொல்ல முடியாது, வயலின் பரப்பும் தெரிந்தாக வேண்டும். திரைக்கும் கணக்கு அதுவே. நாம் அறிய வேண்டியது ஓர் அங்குல நீளத்தில் எத்தனை பிக்சல்கள் அடங்குகின்றன என்னும் புள்ளியடர்த்தியை. அகல எண்ணையும் உயர எண்ணையும் தனித்தனியே வர்க்கமாக்கிக் கூட்டி, அதன் வர்க்கமூலத்தைத் திரையின் மூலைவிட்ட அளவால் வகுத்தால் அது கிடைத்துவிடும். 1366 × 768 என்ற ஒரே எண் 14 அங்குலத் திரையில் 112 அடர்த்தியையும், 11.6 அங்குலத் திரையில் 135 அடர்த்தியையும் தருகிறது. 1920 × 1080 என்பது 14 அங்குலத்தில் 157, 11.6 அங்குலத்தில் 190.

(1366 என்ற விநோத எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறவர்களுக்கு: பழைய 1024 × 768 திரைகளின் 768 வரிசைகளை அப்படியே வைத்துக்கொண்டு 16-க்கு 9 என்ற அகலத் திரையாக நீட்டினால் 1365.33 வரும். மூன்றில் ஒரு பிக்சலைச் செய்ய முடியாதல்லவா.)

இனி, கண்ணுக்கு வருவோம். கண் மருத்துவர் 6/6 என்று எழுதிக்கொடுக்கும் இயல்பான பார்வை, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோண இடைவெளியில் உள்ள விவரங்களைப் பிரித்தறியும் திறன் கொண்டது. மடிக்கணினியை மடியிலோ மேசையிலோ வைத்துப் பயன்படுத்தும்போது திரைக்கும் கண்ணுக்கும் இடையே பொதுவாக அரை மீட்டர் இருக்கும். அந்தத் தொலைவில் அறுபதில் ஒரு பாகை என்பது திரையின்மேல் 0.145 மில்லிமீட்டர் அகலத்தை மறைக்கும். அதாவது அங்குலத்துக்கு ஏறத்தாழ 175 பிக்சல்கள். இதைவிட அடர்த்தி குறைந்த திரையில் பிக்சலின் படிக்கட்டு விளிம்புகள் கண்ணில் படும். இதைத் தாண்டினால் படிப்படியாகப் படாமல் போகும். இது மதில் சுவர் போன்ற எல்லை அல்ல. இளம் வயதினர் பலருக்கு இதைவிடக் கூர்மையான பார்வை உண்டு, திரையை 40 சென்டிமீட்டருக்கு இழுத்து வைத்துப் படிப்பவருக்கு எல்லை 218 வரை உயரும். ஆனால் 13.3 அங்குலத் திரையில் 3840 × 2160 பிக்சல்களை அடைத்து விற்கும்போது அடர்த்தி 331 ஆகிறது, அந்தப் பிக்சலைப் பிரித்துப் பார்க்க 6/6 பார்வை உள்ளவர் திரையை 26 சென்டிமீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டும். அந்த நெருக்கத்தில் யாரும் தட்டச்சு செய்வதில்லை.

விளிம்பு சற்றே சொரசொரப்பாகத் தெரிந்தால் என்ன, படிக்க முடிந்தால் போதாதா என்று கேட்கலாம். ஆங்கில எழுத்துகளுக்கு அந்த வாதம் ஓரளவு செல்லும், தமிழுக்குச் செல்லாது. அரை மீட்டர் தொலைவில் சிரமமின்றிப் படிக்க எழுத்தின் உடல் 2.5 மில்லிமீட்டர் உயரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 14 அங்குல 1366 திரையில் அந்த உயரத்துக்குக் கிடைப்பவை 11 பிக்சல்கள். மூன்றுசுழி ணகரத்தின் ஒரு சுழி, எழுத்தின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டால், அதற்கு வாய்ப்பவை நான்கே பிக்சல்கள்: மேல்கோட்டுக்கு ஒன்று, கீழ்க்கோட்டுக்கு ஒன்று, நடுவே வெள்ளைக்கு இரண்டு. வளைவை வரைய அதில் இடமே இல்லாததால் கணினி அந்த இடத்தைச் சாம்பல் நிறத்தால் பூசி ஒப்பேற்றுகிறது. சுழி அடைந்துபோய், ணகரமும் இரண்டுசுழி னகரமும் உடன்பிறப்புகளைப் போலத் தோன்றத் தொடங்குகின்றன. 'கல்லணை'யின் ணை, 'ஸ்ரீரங்க'த்தின் முதலெழுத்து ஆகியவற்றின் பாடு இன்னும் மோசம். அதே 2.5 மில்லிமீட்டருக்கு 157 அடர்த்தியில் 15 பிக்சல்களும், 190 அடர்த்தியில் 18 அல்லது 19 பிக்சல்களும், 227 அடர்த்தியில் 22 பிக்சல்களும் கிடைக்கின்றன. பதினைந்தைத் தொட்டதும் சுழிக்குள் வெளிச்சம் தெரிய ஆரம்பிக்கிறது. இருபதைத் தாண்டிய பிறகு கூடும் பிக்சல்கள் அழகைக் கூட்டுகின்றனவே தவிரப் படிக்கும் வசதியைப் பெரிதாகக் கூட்டுவதில்லை என்பது என் கருத்து.

குறைந்த அடர்த்தித் திரைகளை ஓரளவு காப்பாற்றிய நுட்பம் ஒன்று உண்டு. ஒவ்வொரு பிக்சலும் உண்மையில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பக்கம் பக்கமாக நிற்கும் மூன்று குறும்பட்டைகளால் ஆனது. கைப்பேசியின் கேமராவை வெள்ளைத் திரைக்கு மிக அருகில் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தால் அவை தென்படும். மைக்ரோசாஃப்ட் 1998-இல் அறிவித்த கிளியர்டைப் என்னும் முறை, எழுத்தின் விளிம்பை முழுப் பிக்சலால் வரையாமல் இந்தப் பட்டைகளைத் தனித்தனியே இயக்கி வரைவதால், கிடைமட்டத்தில் மட்டும் தெளிவு கூடியதுபோல் ஆகிறது. செங்குத்துத் திசையில் அதனால் பயன் இல்லை. சுழிக்கோ இரண்டு திசையும் வேண்டும்.

அப்படியானால் அடர்த்தி அதிகமுள்ள திரையை வாங்கியதும் திரையில் இடமும் தாராளமாகிவிடும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். இங்கேதான் ஏமாற்றம். விண்டோஸ் இயங்குதளம் 100 விழுக்காடு என்று சொல்வது, அங்குலத்துக்கு 96 பிக்சல்கள் என்ற பழைய கணக்கை. 190 அடர்த்தியுள்ள 11.6 அங்குலத் திரையில் அந்த அமைப்பை அப்படியே விட்டால் எழுத்துகள் ஏறத்தாழப் பாதி உயரத்துக்குச் சுருங்கிவிடும். எனவே எழுத்தையும் பொத்தான்களையும் பெரிதாக்கிக் காட்டும் அளவிடல் என்ற அமைப்பை 150 விழுக்காடாக உயர்த்துகிறோம். உடனே 1920 × 1080 திரை, இடத்தைப் பொறுத்தவரை 1280 × 720 திரையாகிவிடுகிறது. ஏமாற்றுவேலை எதுவும் நடக்கவில்லை. கண்ணுக்கு வேண்டிய எழுத்தளவு மாறாதபோது, ஒரு திரையில் எத்தனை வரி அடங்கும் என்பதைத் தீர்மானிப்பது திரையின் உடல் அளவு மட்டுமே. பிக்சல்கள் எழுத்தின் வடிவத்தை வாங்கித் தருகின்றன, இடத்தை அல்ல. 13.3 அங்குலத்தில் 1920 × 1200 திரையை 150 விழுக்காட்டிலும், 2560 × 1600 திரையை 200 விழுக்காட்டிலும் வைத்து அருகருகே பார்த்தால் இது தெளிவாகும்: இரண்டிலும் இடம் 1280 × 800, எழுத்தளவும் ஒன்றே, அடர்த்தி மட்டும் 170, 227 என்று வேறுபடுகிறது.

இடம் போதாமல் திண்டாடிய காலமும் உண்டு. 2007-இல் வந்த ஆசுஸ் ஈ பிசி என்னும் குட்டிக் கணினியின் 7 அங்குலத் திரையில் 800 × 480 பிக்சல்களே இருந்ததால், சில சாளரங்களின் அடியில் உள்ள 'சரி' பொத்தான் திரைக்குக் கீழே போய் ஒளிந்துகொள்ளும்.

அளவிடலில் இன்னொரு தொல்லை, பழைய மென்பொருள்கள். கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடிக்கும் அச்சகங்களில் பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளையே நம்பியிருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இத்தகைய மென்பொருளுக்கு அளவிடல் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே விண்டோஸ் அதன் சாளரத்தை ஒரு படமாக எடுத்து இழுத்துப் பெரிதாக்குகிறது, அல்லது பொத்தான்களை எறும்பளவில் விட்டுவிடுகிறது. இவற்றையே நாள் முழுதும் பயன்படுத்துகிறவருக்கு மிக அடர்த்தியான திரை நன்மை செய்யாது.

வெள்ளெழுத்து வந்தவர்கள் இருக்கும் வீடுகளில் வேறொரு வழக்கம்: எழுத்து சிறிதாக இருக்கிறது என்று அளவிடலைக் கூட்டாமல் தெளிவுத்திறனையே 1920-லிருந்து 1366-க்குக் குறைத்துவிடுவார்கள். பழைய குழாய்த் திரைகளில் இது பெரிய குற்றமில்லை, அவற்றில் அசையாத பிக்சல் கட்டம் என்று ஒன்று கிடையாது. எல்.சி.டி. திரையில் பிக்சல்கள் கண்ணாடியில் பதித்தவை. 1366 நெடுவரிசைகளை 1920 மீது பரப்பினால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் 1.4 பிக்சல் வருகிறது. முழுமையாகப் பொருந்தாத அந்தப் பகுதியைக் கணினி பக்கத்து நிறத்தோடு கலந்து நிரப்புவதால் திரை முழுதும் மங்கலாகிறது. தெளிவுத்திறனை 'பரிந்துரைக்கப்பட்டது' என்று குறித்திருக்கும் இடத்திலேயே விட்டு, அளவிடலை மட்டும் கூட்டுவதே சரி.

திரையின் வடிவ விகிதமும் கவனத்துக்குரியது. 13.3 அங்குலத் திரை 16-க்கு 9 என்றிருந்தால் உயரம் 16.6 சென்டிமீட்டர், 16-க்கு 10 என்றிருந்தால் 17.9. இந்த 1.3 சென்டிமீட்டரில் இரண்டு மூன்று வரிகள் கூடுதலாக அடங்கும். சிட்டா, அடங்கல், விண்ணப்பப் படிவம் என்று ஏ4 தாளிலேயே உழல்கிறவர்களுக்கு அது பெரிய லாபம், 11.6 அங்குலத் திரையில் ஏ4 தாளின் அகலம் உண்மை அளவில் முழுதாக அடங்கினாலும் உயரத்தில் பாதிதான் தெரியும். உட்பிரிவு மேல் உட்பிரிவாகப் பிரிந்த நிலத்தின் புலப்படத்தைத் திறந்து, கோட்டின்மேல் சாய்ந்து கிடக்கும் அளவெண் 3-ஆ 8-ஆ என்று பார்க்க நேரும்போது அடர்த்தியின் அருமையும் தெரியவரும். தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளவை போன்ற ஓலைச்சுவடிகளைப் படிமமாக வைத்துப் படிக்கிறவருக்கு மட்டும் அகலத் திரையே பொருத்தம், ஓலை அப்படிப்பட்டது.

அடர்த்திக்கு ஒரு விலையும் உண்டு, அது மின்கலத்திலிருந்து போகிறது. எல்.சி.டி. திரையில் ஒளி பின்னாலிருந்து வருகிறது. ஒவ்வொரு குறும்பட்டைக்கும் ஒரு டிரான்சிஸ்டரும் அதற்கான கம்பித்தடமும் வேண்டும், அவை மறைக்கும் பகுதி வழியே ஒளி வராது. பிக்சல் சிறுத்தாலும் இந்த மறைப்பு அதே வீதத்தில் சிறுப்பதில்லை என்பதால் ஒளி புகும் வாசல் குறுகுகிறது, அதே வெளிச்சத்தைக் காட்டப் பின்விளக்கு கூடுதலாக எரிய வேண்டியிருக்கிறது. இண்டியம், காலியம், துத்தநாகம் கலந்த ஆக்சைடால் ஆன சிறிய டிரான்சிஸ்டர்கள் இந்தச் சிக்கலைக் குறைத்திருக்கின்றன, நீக்கிவிடவில்லை. போதாததற்கு 3840 × 2160 திரையின் ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு முறை காட்டும் முழுப் படத்துக்கு, 33 மெகாபைட் நினைவகம் தேவை, 1920 × 1080-க்கு 8 போதும். தனி வரைகலை அட்டை இல்லாத சிறிய கணினியில் இது முதன்மை ரேமிலிருந்துதான் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு மின்சாரத்துக்காக நாள்கணக்கில் காத்திருந்த பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மக்களுக்கு மின்கலத்தின் ஒவ்வொரு மணி நேரமும் எவ்வளவு பெறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

வெளியில் வேலை செய்கிறவர்கள் தெளிவுத்திறனுக்கு முன்பாகவே ஒளிர்வைக் கேட்க வேண்டும். நேர் உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ் (ஒரு பரப்பின்மேல் விழும் வெளிச்சத்தின் அலகு). கூசாத மேற்பரப்புள்ள திரையில் அதில் 1 விழுக்காடு சிதறித் திரும்பினாலே 300 நிட்டுக்கு (பரப்பிலிருந்து வரும் ஒளிர்வின் அலகு) மேல் வந்துவிடும். மலிவான மடிக்கணினிகளின் ஒளிர்வே 220 முதல் 250 நிட் என்பதால், வரப்பில் நின்றுகொண்டு அதில் எதையும் படிக்க இயலாது. திண்ணை நிழலுக்கு 300 நிட் போதும், களத்துக்கு 400-க்குக் குறையாமல் வேண்டும்.

ஆகவே 13 முதல் 14 அங்குலத்தில் 1920 × 1080, கிடைத்தால் 1920 × 1200 என்பதே பெரும்பாலோருக்கு நான் சொல்வது. நாள் முழுதும் தமிழில் படித்து எழுதுகிறவர் பணம் இருந்தால் 2560 × 1600 வரை போகலாம். 11.6 அங்குலத்தில் 1366 திரையைப் பிள்ளைகளின் பாடத்துக்கும் படிவம் நிரப்பவும் சகித்துக்கொள்ளலாம். 14 அங்குலத்தில் அதே 1366 திரையை இன்றைக்குப் புதிதாக வாங்குவது வீண். கடையிலேயே ஒரு வெற்றுக் கோப்பைத் திறந்து 'அண்ணன்', 'தண்ணீர்', 'மன்னார்குடி' என்று தட்டச்சு செய்து, அரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து, சுழிகளை எண்ண முடிகிறதா என்று பாருங்கள். பார்த்த கணினியையே கட்டித் தருகிறார்களா என்பதையும் கவனியுங்கள், ஏனென்றால் ஒரே மாடல் பெயரில் இருவேறு தெளிவுத்திறன் கொண்ட திரைகள் விற்பனைக்கு வருவதுண்டு. பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள முழு மாடல் எண்ணை பில் போடும் முன் ஒப்பிட்டுவிடுங்கள்.