மெனிஞ்சியோமா: சாதுவான கட்டியும் அதன் குறிப்பான்களும்

மூளையையும் தண்டுவடத்தையும் போர்த்தியிருக்கும் உறைகளில் தோன்றும் கட்டிதான் மெனிஞ்சியோமா. கிரேக்கத்தில் 'மெனிங்ஸ்' என்றால் சவ்வு. 'ஓமா' கட்டியைக் குறிக்கும் ஈறு. இந்தப் பெயரை 1922-இல் சூட்டியவர் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங்.

பெரும்பாலும் இது மூளைத் திசுவில் முளைப்பதில்லை, வெளியே இருந்து அழுத்துகிறது. எனவே 'மூளைக்கட்டி' என்பது தளர்வான சொல். மெனிஞ்சைட்டிஸை 'மூளையுறை அழற்சி' என்று எழுதிப் பழகிவிட்டோம். அதே வழியில் 'மூளையுறைக் கட்டி' என்பதே பொருந்தும். தண்டுவடத்தில் வந்தால் 'தண்டுவட உறைக் கட்டி'.

உடன் வரும் அடைமொழியில்தான் சிக்கல். 'பெனைன்' என்பதைத் 'தீங்கற்ற' என்று பெயர்க்கிறார்கள். 'அற்ற' என்பது உறுதிமொழி போல ஒலிக்கிறது. மூலச்சொல்லான லத்தீன் 'பெனிக்னஸ்' அவ்வளவு தூரம் போவதில்லை, நல்லியல்பு என்றுதான் சொல்கிறது. 'சாதுவான' என்பது மேல். சாது மிரண்டால் காடு கொள்ளாது என்ற எச்சரிக்கையும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கட்டி எவ்வளவு மூர்க்கமானது என்பதை 1 முதல் 3 வரை சொல்லும் 'கிரேடு' என்பதைத் 'தரம்' என்றே எழுத வேண்டும். 'நிலை' என்று எழுதினால் நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்ற பொருள் வந்துவிடும். நுண்ணோக்கியில் 10 புலங்களில் (ஒவ்வொன்றும் 0.16 சதுர மி.மீ.) 4 முதல் 19 வரை செல்பிரிவுகள் தெரிந்தால் தரம் 2, 20 அல்லது அதற்கு மேல் என்றால் தரம் 3. மூளைத் திசுவுக்குள் ஊடுருவியிருந்தால் அது ஒன்றே தரம் 2-க்குப் போதும்.

கண்ணுக்குச் சாதுவாகத் தெரிந்தும் மீண்டும் மீண்டும் வளரும் கட்டிகளை இந்த எண்ணிக்கை தவறவிடுகிறது. அங்கேதான் 'மூலக்கூற்றுக் குறிப்பான்' வருகிறது. 'மார்க்கர்' என்பதற்கு 'அடையாளம்' என்றும் எழுதுகிறார்கள். நடக்கவிருப்பதை முன்கூட்டிக் குறிப்பதால் 'குறிப்பான்' சரி.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாட்டின்படி, இரண்டு குறிப்பான்களில் ஒன்று இருந்தாலே, செல்கள் எப்படித் தெரிந்தாலும் தரம் 3. முதலாவது, டெர்ட் மரபணுவின் தொடக்கியில், அதாவது அதை இயக்கும் டி.என்.ஏ. பகுதியில், ஓர் எழுத்து மாற்றம். ஒவ்வொரு பிரிவிலும் குரோமோசோம் முனைகள் தேய்வதால் செல்லின் ஆயுளுக்கு ஓர் எல்லை உண்டு. உறங்கிக்கிடக்கும் டெர்ட்டை இந்த மாற்றம் எழுப்பிவிட, முனைகள் தேயாமல் பிரிவு நீள்கிறது. இரண்டாவது, 9-ஆம் குரோமோசோமில் உள்ள சி.டி.கே.என்.2ஏ அல்லது 2பி மரபணுவின் இரு பிரதிகளும் அழிவது. அது செல்பிரிவின் பிரேக். இங்கே 'இரு' என்ற சொல்லை அறிக்கையில் விடவே கூடாது. ஒரு பிரதி மட்டும் போனால் இந்த விதி பொருந்தாது. மாதிரியில் இயல்பான செல்கள் அதிகம் கலந்திருந்தால், முழு இழப்பும் அரை இழப்பு போலத் தோன்றி ஏமாற்றும்.

டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதத்தின் மீதுள்ள எச்3கே27எம்இ3 என்ற வேதிக்குறியின் இழப்பும் கெட்ட அறிகுறியே, ஆனால் 2021 வகைப்பாட்டில் அது தனியாகத் தரத்தை உயர்த்தாது. இதைச் சாயமேற்றிப் பார்க்கும்போது முதலில் ரத்தக்குழாய்ச் சுவரின் உட்கருக்களைப் பார்க்க வேண்டும். அவை பழுப்பாகவும் கட்டிச் செல்கள் நிறமின்றியும் இருந்தால்தான் இழப்பு. இரண்டுமே வெளிறியிருந்தால் சாயம் பிடிக்கவில்லை. சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டியதுதான்.