ஃபேடரை ஏற்றினால் சுருதி ஏன் விலகுகிறது?

மிடி என்பது வாசிப்பதை ஒலியாக அல்லாமல் செய்தியாகக் கணினிக்கு அனுப்பும் முறை. ஒரே ஒரு மிடி கீபோர்டு இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. விரலால் தட்டி வாசிக்கும் பேட் கன்ட்ரோலரும், ஒலியளவை ஏற்றி இறக்கும் நழுவு பொத்தான்கள் (ஃபேடர்) உள்ள பெட்டியும் கூடச் சேர்ந்ததும் புகார்கள் தொடங்கும். ஒரு கீயைத் தட்டினால் இரண்டு முறை ஒலிக்கிறது, ஃபேடரை ஏற்றினால் மென்பொருளில் ஒலிக்கும் வயலினின் சுருதி விலகுகிறது, நேற்று இருந்த கருவி இன்று பட்டியலில் காணோம். ஸ்டுடியோ கணினிகளைச் சரிசெய்யும் வேலையில் அடிக்கடி பார்க்கிறேன்: இந்த இடத்தில் பலர் கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவி, பாடுபட்டுச் செய்த அமைப்புகளை இழக்கிறார்கள். இரண்டுக்கும் முன்னால், கணினிக்குள் என்ன செய்தி வருகிறது என்று தயவுசெய்து பாருங்கள்.

அதற்கு விண்டோஸில் மிடி-ஆக்ஸ், மேக்கில் மிடி மானிட்டர் போன்ற மென்பொருள்கள் உண்டு. விண்டோஸில் பல டிரைவர்கள் (கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல்கள்) ஒரு போர்ட்டை, அதாவது மிடி செய்தி வந்துபோகும் வாயிலை, ஒரு நேரத்தில் ஒரே மென்பொருளுக்குத்தான் கொடுக்கும். எனவே இசை மென்பொருளை மூடிவிட்டுச் சோதியுங்கள். கீயைத் தட்டியதும் எந்தப் போர்ட், அதற்குள் எந்தச் சேனல் (எண்ணிட்ட தடம்), என்ன செய்தி என்று திரையில் வந்தால் கருவி நன்றாக இருக்கிறது, கோளாறு அமைப்பில்.

சுருதி விலகும் புகாரையே எடுத்துக்கொள்வோம். பல கன்ட்ரோலர்கள் கணினியில் இரண்டு போர்ட்களாகத் தெரியும். ஒன்று வாசிப்புக்கு, மற்றது இசை மென்பொருளை இயக்குவதற்கு. இரண்டாவதில் பரவலாக இருக்கும் மேக்கி கன்ட்ரோல் முறையில் ஃபேடர் அசைவு பிட்ச் பெண்ட் செய்தியாக, அதாவது வழக்கமாகச் சுருதியை வளைக்கும் செய்தியாகப் போகிறது. சாதாரணக் கன்ட்ரோல் செய்தியில் 128 படிகள்தான்; பிட்ச் பெண்டில் 16,384 படிகள் இருப்பதால் ஃபேடருக்கு அந்த நுணுக்கம் கிடைக்கிறது. பிளே, ஸ்டாப் பொத்தான்களோ நோட் செய்திகளாகப் போகின்றன. வயலின் இருக்கும் டிராக்கின் உள்ளீட்டில் ‘எல்லா மிடி உள்ளீடுகளும்’ என்று வைத்திருந்தால், இவை அத்தனையும் நேராக வயலினுக்குள் போய் விழும். அமைப்புப் பக்கத்தில் அந்தப் போர்ட்டை மட்டும் ‘எல்லா உள்ளீடுகள்’ தொகுதியிலிருந்து விலக்கினால் போதும்.

இரட்டை ஒலிக்கு வழக்கமான காரணங்கள் இரண்டு. ஒரே கீபோர்டு யுஎஸ்பி வழியாகவும் ஐந்து முள் மிடி கேபிள் வழியாகவும் இணைந்திருக்கும், ஒன்றைக் கழற்றுங்கள். அல்லது சொந்த ஒலி உள்ள சிந்தசைசர், தானும் ஒலித்து, கணினி திருப்பி அனுப்பும் நோட்டையும் வாசிக்கும். அதில் லோக்கல் கன்ட்ரோலை (கீயைத் தட்டினால் தன் ஒலியைத் தானே எழுப்பும் அமைப்பை) அணைத்துவிடுங்கள்.

நோட் நிற்காமல் நீண்டுகொண்டே போனால் பெடலைச் சந்தேகியுங்கள். இரண்டு கீபோர்டுகளும் சேனல் 1-இல் ஒரே கருவிக்குப் போனால், ஒன்றின் சஸ்டெயின் பெடல் மற்றதன் நோட்டையும் பிடித்து வைக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சேனல் கொடுங்கள். ஒரு போர்ட்டுக்கே 16 சேனல்கள் இருக்கின்றன. பல கீபோர்டுகள் மின்சாரம் கொடுக்கும் நொடியில் பெடலின் திசையை, அதாவது எது அழுத்திய நிலை, எது விட்ட நிலை என்பதைக் கணிப்பவை. அப்போது கால் பெடல் மேல் இருந்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

கருவி காணாமல் போவது பெரும்பாலும் மின்சாரச் சிக்கல். யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தருவது 500 மில்லி ஆம்பியர். தனி அடாப்டர் இல்லாத ஹப்பில் நான்கு கருவிகளைச் செருகினால் அதையேதான் எல்லாம் பங்கிட வேண்டும். தனி மின்சாரம் உள்ள ஹப் வாங்குவது வீண் செலவு அல்ல. கேபிளையும் மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் தரவுக் கம்பியே இருக்காது.

இன்னொன்று: சீரியல் எண் இல்லாத கருவியை வேறு யுஎஸ்பி துளைக்கு மாற்றினால், விண்டோஸ் அதைப் புதிய கருவியாகப் பதிந்துகொள்ளும், பழைய ப்ராஜெக்ட்டில் இணைப்பு அறுந்துபோகும். எந்தக் கருவி எந்தத் துளை என்று சிறு லேபிள் ஒட்டி வையுங்கள். ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) புதுப்பிக்கும்போது மட்டும் மற்றதையெல்லாம் கழற்றிவிட்டு, ஹப் இல்லாமல் அந்தக் கருவியை நேராகக் கணினியில் செருகுங்கள்.